தலைச்சோலையும் இரண்டு தேக்கரண்டி எண்ணெயும்

மலைப் பிரயாணம் என்றால் நமது வீட்டில் மூன்று நாட்களுக்கு முன்பே ஆயத்தங்கள் தொடங்கிவிடும். கம்பளிகள் பெட்டியிலிருந்து வெளிவரும். புளியோதரைக்குப் புளி ஊறும். தாயாருடைய மருந்துப் பெட்டி இரண்டு முறை சரிபார்க்கப்படும். இவ்வளவையும் சோதித்துப் பார்க்கிற நாம், எல்லோரையும் சுமந்துகொண்டு மலையேற வேண்டிய காரை மாத்திரம் சோதிப்பதில்லை. கண்ணாடியைத் துடைத்து, சக்கரங்களைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டால் நமது கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடுகிறோம்.

நமது காருக்கு வயது இருபத்து நான்கு. இரண்டு எஜமானர்களிடம் உழைத்துவிட்டு மூன்றாவதாக நம்மிடம் வந்து சேர்ந்தது. அது எந்தக் கம்பெனியின் கார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. நேர்ந்த தவறு கம்பெனியினுடையது அன்று. முழுக்க முழுக்க நம்முடையது.

சென்ற தை மாதத்தில், பொங்கல் விடுமுறையின்போது, தாயார் ஒரு விருப்பத்தைத் தெரிவித்தார்கள். திருவண்ணாமலைக்குப் போய்க் கூட்டத்தில் நின்று அண்ணாமலையாரைத் தரிசிக்க இனித் தம் உடம்பில் பலமில்லை. ஆனால் ஏற்காட்டுக்கு அப்பால் தலைச்சோலையிலே ஓர் அண்ணாமலையார் இருக்கிறாராமே, அவரையாவது பார்த்துவிட வேண்டும் என்றார்கள். எழுபத்தாறு வயதுத் தாயார் கேட்பதை மறுப்பாருண்டோ? நாம், தாயார், சகதர்மிணி, பதினோரு வயதுப் புதல்வி ஆக நால்வரும் ராசிபுரத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம்.

சேலம் நகரைக் கடந்து ஏற்காட்டுச் சாலையில் செல்லும்போது, மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் பழைய வளைவு முகப்பு கண்ணில் படுகிறது. டி. ஆர். சுந்தரம் 1935-ம் ஆண்டில் தொடங்கிய ஸ்டூடியோ அது. தமிழின் முதல் முழுநீள வர்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் அங்கிருந்துதான் வெளிவந்தது. அதைப் பற்றிப் புதல்விக்குச் சொல்லிக்கொண்டே மலையடிவாரத்தை அடைந்தோம்.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. முதல் சில வளைவுகளில் மூங்கில் புதர்களும் குரங்குக் கூட்டங்களுந்தான் கண்ணுக்குத் தெரியும். உயரம் ஏற ஏறக் காற்றின் வாசனையே மாறிவிடுகிறது. சேலத்தின் வெயிலும் புழுதியும் கீழே நின்றுவிட, சில்வர் ஓக் மரங்களும், அவற்றின்மேல் படர்ந்த மிளகுக் கொடிகளும், அவற்றின் நிழலில் காபிச் செடிகளும் எதிர்கொண்டு அழைக்கின்றன. சேலத்துக் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பவர் 1820-களில் இந்த மலையில் காபிப் பயிரைக் கொண்டுவந்து வைத்தார் என்று சரித்திரம் கூறும். ஆனால் அவர் வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே இங்கே மலையாளி மக்கள் சாமையும் ராகியும் விளைவித்து வாழ்ந்திருந்தார்கள். மலையாளி என்றதும் கேரள தேசத்தாரை நினைத்துவிடக் கூடாது. மலையில் வாழ்பவர்கள் ஆதலால் அந்தப் பெயர். தங்கள் முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதிகம்.

ஏழாவது வளைவில் கியரை மாற்றியபோது ‘கரக்’ என்று ஒரு சப்தம் கேட்டது.

“அது என்ன சத்தம்?” என்று சகதர்மிணி கேட்டாள்.

“மலைக் குளிருக்குப் பழைய கார் பல்லைக் கடிக்கிறது” என்றோம். புதல்வி சிரித்தாள். சகதர்மிணி சிரிக்கவில்லை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. சில மாதங்களாகவே காரை ஓட்டுகிறவரின் காலடியில் விரித்திருந்த விரிப்பு ஈரமாயிருப்பதை அவள் கண்டிருந்தாள். கார் நிற்கும் கொட்டகையின் தரையிலும் உள்ளங்கையளவு ஈரம். கேட்டபோது, “கார் கழுவின தண்ணீர்” என்று சொல்லிவிட்டோம். தண்ணீரல்ல என்பது நமக்கு நன்றாய்த் தெரியும். பெடலின்மேல் இருந்த கறுப்பு வர்ணம் சட்டை உரிந்தாற்போல் உரிந்து கிடந்தது. தண்ணீர் வர்ணத்தை உரிக்காது. பிரேக் எண்ணெய்தான் உரிக்கும். தரையில் ஓர் அட்டையைப் போட்டு மூடினோம். எண்ணெய்ப் புட்டி ஒன்றை ஆசனத்தின் கீழே ஒளித்து வைத்துக்கொண்டு, குறையும் போதெல்லாம் ஊற்றி நிரப்பினோம். மெக்கானிக்கிடம் போனால் ஒரு நாள் வீணாகும், பணமும் செலவாகும் என்பது நமது கணக்கு.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பார்கள். அந்த ஏரிக்கரையில் காரை நிறுத்தினோம். மற்றவர்கள் காபி குடிக்கச் சென்றிருந்த சமயத்தில் மூடியைத் திறந்து பார்த்தால், காலையில் நிரப்பிய கிண்ணத்தில் பாதிக்குமேல் காணோம். புட்டியில் மிச்சமிருந்ததை ஊற்றினோம். புட்டி காலியாயிற்று.

பிறகு சேர்வராயன் கோயிலுக்குச் சென்றோம். 5,326 அடி உயரத்தில், மலையுச்சியில் ஒரு சமவெளி. அதன் ஓரத்தில் ஒரு குகை. குனிந்து உள்ளே சென்றால் சேர்வராயரும் காவேரியம்மனும் தரிசனம் தருகிறார்கள். மே மாதத்தில் நடைபெறும் திருவிழாவுக்கு மலையாளி மக்கள் திரளாக வந்து கூடுவார்கள். நாம் சென்ற அன்று காற்றும் நாமும் தவிர யாருமில்லை. தாயார் அந்தக் குளிரிலும் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்கள். “காவேரி இவ்வளவு உசரத்திலே வந்து உட்கார்ந்திருக்காளே!” என்று வியந்தார்கள்.

அங்கிருந்து தலைச்சோலைக்குப் புறப்பட்டோம். காபித் தோட்டங்களுக்கிடையே குறுகிய சாலை ஏறுவதும் இறங்குவதுமாகப் போகிறது. பழம் பறிக்கும் காலம் அது. சாலையோரக் களங்களில் காபிப் பழங்கள் காய்ந்துகொண்டிருந்தன. தலைச்சோலையை நெருங்கிவிட்டோம் என்று வழியில் ஒருவர் சொல்லி அரைக் கல் தூரம் போயிருப்போம். செங்குத்தான ஓர் ஏற்றத்தில் எதிரே மூட்டை ஏற்றிய வண்டி வந்தது. அதற்கு வழிவிட நின்றோம். வண்டி கடந்து போனதும் மறுபடி கிளம்புவதற்காகக் கிளச் பெடலை மிதித்தோம்.

பெடல் எவ்விதத் தடையுமின்றித் தரைவரை சென்று அங்கேயே படுத்துவிட்டது.

முதல் கியரில் இருந்த கார் ஒரு துள்ளுத் துள்ளி, என்ஜின் நின்றது. மறுபடியும் புறப்படக் கியரை விடுவித்தபோது கார் பின்னால் உருளத் தொடங்கிற்று. பின்னால் பத்தடி தூரத்தில் வளைவு. வளைவுக்கு அப்பால் மர உச்சிகள். மர உச்சிகள் கண்ணுக்கு நேரே தெரிந்தால் மரங்கள் எங்கே நிற்கின்றன என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். கால் பிரேக்கையும் கை பிரேக்கையும் ஒருங்கே பிடித்தோம். கார் நின்றது. சகதர்மிணி ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கி, ஒரு பெரிய கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். அதன் பிறகே தாயாரையும் குழந்தையையும் கீழே இறக்கினாள். அந்தச் சமயத்தில் அவள் முகத்தைப் பார்க்க நமக்குத் துணிவில்லை.

கால்மணி நேரத்தில் ஒரு பழைய ஜீப் வந்தது. தோட்டத்து ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் அதிலிருந்து இறங்கினார். ஊர் தலைச்சோலை, மலையாளி. இளமையில் சேலத்துப் பட்டறை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவர். நமது தொழில் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டதிலிருந்து நம்மை “வாத்தியாரய்யா” என்றே அழைத்தார்.

பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். மூடியைத் திறந்து பார்த்தார். கிண்ணம் வறண்டு கிடந்தது. விரிப்பைத் தூக்கி விரலை வைத்து முகர்ந்தார். பிறகு காருக்கடியில் படுத்து, கியர்ப்பெட்டியின் பக்கத்தில் எதையோ தடவிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“மேலேயும் ஒழுகுது, கீழேயும் ஒழுகுதுங்க வாத்தியாரய்யா. கீழே இருக்கிறது மொத்தமா விட்டுப் போச்சு.”

நம்மிடம் என்ஜின் எண்ணெய் ஒரு டப்பா இருந்தது. “இப்போதைக்கு இதை ஊற்றிச் சமாளிக்கலாமா?” என்றோம்.

அவர் பதறிப்போய் டப்பாவைப் பிடுங்கி வைத்தார். “ஐயையோ, இதை ஊத்தினா உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப் பெருத்துப் போகும். இருக்கிற கொஞ்ச நஞ்சமும் கெட்டுப் போகுமுங்க.”

“கிளச் இல்லாமலே ஓட்டலாமே! முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருப்பினால் கார் தானே நகரும். அப்புறம் என்ஜின் வேகம் பார்த்துக் கியரை மாற்றிக்கொள்ளலாம். எப்படியும் இறக்கந்தானே? இன்று இரவே சேலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம்.”

புத்தகத்திலே படித்த ஞானம்! அவர் நம்மையும், பிறகு தாயாரையும் பார்த்தார்.

“சமதளத்திலே செய்யலாமுங்க. நானே செஞ்சிருக்கேன். இங்கே இருபது வளைவு. ஒரு கியரை எடுத்து மறு கியர் விழலேன்னா, வண்டி வெறும் பிரேக்கிலே இறங்கணும். பழைய எண்ணெய் தண்ணி குடிச்சிருக்கும். பிரேக் சூடானா உள்ளே கொதிச்சிடும். அப்புறம் அந்தப் பெடலும் இந்தப் பெடல் மாதிரிதான். ஆத்தாளை வச்சுக்கிட்டு அந்த வேலை வேண்டாமுங்க.”

பிறகு அவர் சொன்னது உண்மையா என்று விசாரித்தோம். அணுவளவும் பிசகில்லை. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 என்னும் ரகம் புதிதாயிருக்கையில் குறைந்தது 230 டிகிரி சூட்டில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்தபின் 155 டிகிரி தாங்கினாலே போதும் என்கிறது அதே விதி. டாட் 3 ரகத்துக்கு இவை முறையே 205, 140 டிகிரிகள். கொதித்து ஆவியானால் பெடலை மிதிக்கிற பலமெல்லாம் ஆவியை நசுக்குவதிலேயே போய்விடும். சக்கரத்துக்குப் போய்ச் சேராது. எண்ணெயை இரண்டு வருஷத்துக்கு ஒரு தரமாவது மாற்ற வேண்டும் என்பது இதனால்தான். நமது காரில் அதை எப்போது மாற்றினோம் என்று நினைத்துப் பார்த்தால், மாற்றியதாகவே நினைவில்லை.

எனவே அன்றிரவு தலைச்சோலையில் தங்கினோம். ஜீப்காரர் கயிறு கட்டிக் காரைத் தம் வீட்டு வாசலுக்கு இழுத்துச் சென்றார். சேலத்து உதிரிப்பாகக் கடைக்குத் தொலைபேசியில் பேசி, மேல் சிலிண்டருக்கு ரப்பர் வாஷர்கள், கீழே முழுச் சிலிண்டர் ஒன்று, புது எண்ணெய் ஒரு லிட்டர் வேண்டுமென்று சொன்னார். காலை முதல் பஸ்ஸில் கண்டக்டர் வசம் பொட்டலம் ஏற்காட்டுக்கு வரும். அவருடைய மகன் மோட்டார் சைக்கிளில் போய் வாங்கி வருவான் என்று ஏற்பாடாயிற்று.

அந்த வீட்டு அம்மாள் நம்மைக் கேள்வி கேட்கவில்லை. தாயாருக்கு அடுப்பங்கரையில் ஒரு பலகையைப் போட்டு உட்காரவைத்தாள். “குளிருமுங்க ஆத்தா, கையைக் காட்டுங்க” என்று தணலருகே அழைத்தாள். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் பரிமாறினாள். தங்கள் தோட்டத்துக் கொட்டையை வறுத்து இடித்து, வெல்லம் போட்ட வரக்காப்பி கொடுத்தாள். நாம் கொண்டுபோன புளியோதரையை அந்த வீட்டுக் குழந்தைகள் தீர்த்துவைத்தார்கள்.

இரவில் புதல்வி கேட்டாள்: “அப்பா, எண்ணெய் எப்படிக் கியரை மாற்றும்?”

இருபது வருஷமாகப் பள்ளியிலே பாஸ்கல் விதியை நடத்தி வருகிறோம். பிளேஸ் பாஸ்கல் என்ற பிரெஞ்சு அறிஞர் பதினேழாம் நூற்றாண்டில் கண்டது: அடைபட்ட திரவத்தின்மேல் ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறைவின்றி எல்லாத் திசைக்கும் பரவும். 1795-ல் ஜோஸப் பிராமா என்ற ஆங்கிலேயர் இதைக்கொண்டு நீரழுத்த யந்திரத்துக்கு உரிமை பெற்றார். 1921-ல் அமெரிக்காவின் டியூஸன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் பூட்டி வெளிவந்தது. பின்னர் அந்த உபாயம் கிளச்சுக்கும் வந்தது. இவ்வளவும் நமக்கு மனப்பாடம். கரும்பலகையில் இரண்டு உருளைகள் வரைந்து, அம்புக்குறி போட்டு, பல நூறு மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்.

“எண்ணெய் கியரை மாற்றாது அம்மா. என்ஜின் சுழலும்போது கிளச் தகடு அதோடு ஒட்டிக்கொண்டு சுழலுகிறது. கியர் மாற்றும்போது அந்த ஒட்டை ஒரு கணம் பிரிக்க வேண்டும். பெடலை மிதித்தால் மேலே ஒரு சிறு உருளையில் பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் குழாய் வழியே போய்க் கீழே இன்னோர் உருளையிலுள்ள பிஸ்டனைத் தள்ளும். அது ஒரு நெம்புகோலைத் தள்ள, தகடு விலகும்.”

“எவ்வளவு எண்ணெய் தள்ளும்?”

இந்தக் கேள்வியை நாம் ஒருநாளும் நம்மையே கேட்டுக்கொண்டதில்லை. ஜீப்காரரிடம் விசாரித்துக் கணக்குப் போட்டோம். உருளையின் குறுக்களவு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர்; பிஸ்டன் நகரும் தூரம் மூன்று சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எட்டரை மில்லிலிட்டர்.

“இரண்டு தேக்கரண்டிகூட இல்லையே!” என்றாள் புதல்வி.

ஆம், இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. அதிலே சில சொட்டுக் குறைந்து, அந்த இடத்தில் காற்று புகுந்துவிட்டால் தகடு பிரியாது. தாயாரும் மனைவியும் குழந்தையும் அமர்ந்திருந்த காருக்கும் அந்தப் பள்ளத்துக்கும் இடையே நின்றது அவ்வளவுதான். அன்றிரவு நமக்குத் தூக்கம் வர வெகு நேரமாயிற்று.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பொட்டலம் வந்தது. ஜீப்காரர் வேலையைத் தொடங்கினார். கியர்ப்பெட்டியின் பக்கத்திலிருந்த சிலிண்டரைக் கழற்றி, தூசு காக்கும் ரப்பர் உறையை இழுத்தார். உள்ளே தேங்கியிருந்த எண்ணெய் கரிக் குழம்புபோல் வடிந்தது. பிஸ்டனை எடுத்துவிட்டு, உருளைக்குள் சுண்டுவிரலைவிட்டுத் தடவினார். பிறகு நமது விரலையும் விடச் சொன்னார். மணல் உரைத்தாற்போல் சொரசொரப்பு.

“துரு அரிச்சுடுச்சு. இதுலே புது வாஷர் போட்டாலும் பத்து நாள்தான். அதான் முழுசா வாங்கச் சொன்னேன். மேலே இருக்கிறது வழவழப்பா இருக்குது. வாஷர் மட்டும் மாத்தினாப் போதும். ஒண்ணை மட்டும் மாத்தினா இன்னொண்ணு சீக்கிரம் போயிடும். அதனாலே ரெண்டையும் பார்த்துடணுமுங்க.”

மேல் சிலிண்டரைக் கழுவப் பெட்ரோல் வேண்டுமா என்று கேட்டோம். பெட்ரோலும் டீசலும் கிரீஸும் அந்த ரப்பருக்கு விஷம். புது பிரேக் எண்ணெயாலேயே கழுவ வேண்டும் என்றார். வாஷர்களை அந்த எண்ணெயில் தோய்த்து, விளிம்பு மடங்காமல் உள்ளே செலுத்தினார்.

எல்லாம் பூட்டியாயிற்று. இனிக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இருவர் வேண்டும். நாம் பெடலில் உட்கார்ந்தோம். அவர் காருக்கடியில் படுத்தார். சிலிண்டரின் மேற்புறத்திலுள்ள சிறு திருகில் கண்ணாடிபோன்ற ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை எண்ணெய் ஊற்றிய ஒரு புட்டியில் அமிழ்த்தினார்.

“மிதிங்க... பிடிச்சுக்குங்க.” திருகைத் திறப்பார். புட்டியில் குமிழிகள் வரும். திருகை மூடுவார். “இப்போ விடுங்க.”

அவர் மூடுமுன் நாம் காலை எடுத்துவிட்டால், வெளியேறிய காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். நாலாவது தடவை அப்படியே செய்துவிட்டோம்.

“நான் சொல்றதுக்கு முன்னாலே விடாதீங்க, வாத்தியாரய்யா” என்றார் கீழேயிருந்து. வகுப்பிலே நாம் சொல்லும் தோரணையிலேயே இருந்தது அது. சிரமேற்கொண்டோம். புதல்வி கிண்ணத்தில் எண்ணெய் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கிண்ணம் வறண்டால் மேலேயிருந்து காற்று புகுந்து பாடுபட்டதெல்லாம் பாழாகும். முப்பது தடவைக்கு மேல் மிதித்தபின், குமிழியில்லாத தெளிந்த எண்ணெய் இறங்கிற்று. பெடல் காலை எதிர்த்து நின்றது. அந்த எதிர்ப்பு அவ்வளவு இன்பமாயிருக்கும் என்பதை நாம் அறிந்திருக்கவில்லை.

அவர் இரண்டு பரீட்சைகள் வைத்தார். என்ஜினை ஓடவிட்டுப் பெடலை மிதித்து, ஒரு நிமிஷம் அப்படியே பிடிக்கச் சொன்னார். அது மெல்லத் தாழ்ந்தால் வெளியே ஒழுகாமலே மேல் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது என்று அர்த்தம். தாழவில்லை. பிறகு பின்னோக்கும் கியரைப் போடச் சொன்னார். சப்தமின்றி விழுந்தது. கிளச் சரிவரப் பிரியாவிட்டால் முதலில் கத்துவது இந்தக் கியர்தானாம்.

கழற்றிப்போட்ட பழைய வாஷரை அவர் உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அதன் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருந்தது.

“எவ்வளவு நாளா ஒழுகுதுங்க?”

சகதர்மிணி பக்கத்தில் நின்றிருந்தாள். “ஒரு பத்து நாளாக இருக்கும்” என்றோம்.

அவர் வாஷரைப் பார்த்தார், உரிந்துபோன பெடலைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். “நாலு மாசத்துக்குக் குறையாதுங்க” என்று சாந்தமாகச் சொன்னார். “பிரேக் கிண்ணத்திலே எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா இறங்கினா, கட்டை தேயுதுன்னும் இருக்கலாம். இந்தக் கிளச் கிண்ணத்திலே அப்படி இல்லை. தகடு தேயத் தேய எண்ணெய் மேலேதான் ஏறும். இறங்கினா ஒழுகுதுன்னுதான் அர்த்தம். ஊத்தி ஊத்தி வச்சா ஒழுகறது நிக்குமா?”

நமக்கு ஏரிக்கரை நினைவு வந்தது. நமது கிராமங்களில் குடிமராமத்து என்று ஒரு முறை இருந்தது. கரையிலே நண்டு வளையளவு கசிவு கண்டாலும் ஊரார் கூடி மண்வெட்டியோடு சென்று அடைப்பார்கள். கசிகிறதே, மேலே இன்னும் கொஞ்சம் தண்ணீரை விடுவோம் என்று எந்தக் குடியானவனும் சொன்னதில்லை. பட்டம் பெற்ற நாம் நாலு மாதமாக அதைத்தான் செய்தோம். சரித்திரப் பாடத்தில் குடிமராமத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் பத்துக்குப் பத்து மார்க் வாங்கியும்விடுவோம்!

கூலி என்ன என்று கேட்டோம். ஜீப்காரர் ஒரு காகிதத்தில் உதிரிப்பாகங்களின் விலை, பஸ் கூலி, தம் வேலைக்கூலி என்று தனித்தனியே எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டுக்கும் தங்கியதற்கும் ஒன்றும் எழுதவில்லை. கேட்டதற்கு, “அது எங்க வீட்டு அம்மா கணக்குங்க, அதிலே நான் தலையிடறதில்லை” என்றார். அந்த அம்மாளோ, ஒரு பை மிளகையும் தாயார் கையில் கொடுத்து, “கார்த்திகைத் தீபத்துக்கு வாங்க ஆத்தா” என்று வழியனுப்பினாள்.

புறப்படுமுன் ஜீப்பிலே தாயாரை அண்ணாமலையார் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்கள். வாகனம் போகாத தூரத்துக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவர் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டார்கள். மலைமேல் அண்ணாமலையார், சுற்றிலும் பச்சை மலைகள், அவற்றினிடையே பால்போல் மூடுபனி. தாயார் என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று நாம் கேட்கவில்லை. இறங்கி வரும்போது அவர்களே சொன்னார்கள்: “கார் கெட்டுப்போனதும் நல்லதாப் போச்சு. இல்லாட்டா வாசலோடு கும்பிட்டுத் திரும்பியிருப்போம்.” தாய்மார்கள் பிள்ளைகளின் குற்றத்துக்கு எப்பொழுதும் ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பிற்பகலில் மலையிறங்கினோம். இரண்டாவது கியரில், என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ள, இருபது வளைவுகளையும் புதல்வி ஒவ்வொன்றாக எண்ணினாள். ஒரு வளைவிலும் கார் பல்லைக் கடிக்கவில்லை. அடிவாரத்தில் நிறுத்தி விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். உலர்ந்திருந்தது.

சகதர்மிணி அதுவரை அந்த நாலு மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டிகளை இறக்கியதும், கொட்டகைத் தரையில் நாம் போட்டிருந்த அட்டையைத் தானே எடுத்தாள். அதன் அடியில் எண்ணெய் பட்டுத் தரையின் வர்ணம் வட்டமாக உரிந்திருந்தது.

“கழுவின தண்ணீர்!” என்றாள். அவ்வளவுதான்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை தோறும் காரின் மூடியைத் திறந்து எண்ணெயின் அளவைப் பார்க்கும் உத்தியோகத்தை அவளே ஏற்றுக்கொண்டாள். கிண்ணத்தின்மேல் அளவுக் கோடு இருக்கிறது. அதற்கு ஒரு நூல் குறைந்தாலும் நாம் காரணம் கூற வேண்டும். நாமோ, வகுப்பில் பாஸ்கல் விதி நடத்தும் நாளில், மேசைமேல் அந்தத் தேய்ந்த வாஷரையும் இரண்டு தேக்கரண்டித் தண்ணீரையும் வைத்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறோம். கார்த்திகைத் தீபத்துக்குத் தலைச்சோலைக்குப் போகத் தாயார் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் பிரேக் எண்ணெயையும் மாற்றிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு ஆகியிருக்கிறது.